பக்கத்திரைக்குப் பின்னால்: நாடக வேனில் ஒரு வாரம்

செவ்வாய், சென்னை

எங்கள் குழு இன்று இரவு கிளம்புகிறது. பெங்களூரு, ஹெக்கோடு, மைசூரு, திருச்சூர் என்று ஊருக்கு ஒரு காட்சி. நடிகர்கள் நாளை காலை ரயிலில் வருகிறார்கள். செட்டும் சாமான்களும் வேனில் போகின்றன. அவற்றோடு நானும் எங்கள் மேடை நிர்வாகியும். அவரைக் குழுவில் எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறோம். நாடகம் ஓடும்போது ஒளிக்கும் ஒலிக்கும் குறிப்புக் கொடுப்பது அவர் பொறுப்பு. மேடைக்குப் போகிற ஒவ்வொரு பொருளும் உரிய நேரத்தில் உரிய கைக்குப் போய்ச் சேர்வது என் பொறுப்பு. விளம்பரத்தாளில் என் வேலைக்குத் துணை மேடை நிர்வாகி என்று பெயர்.

நாடகம் ஒரு பாகப்பிரிவினை. தகப்பனார் காரியம் முடிந்த மறுநாள் பிள்ளைகள் மூன்று பேரும் வீட்டுச் சாமான்களைப் பங்கு போடுகிறார்கள். அண்டா, தவலை, கூஜா, முறம், டிரங்குப் பெட்டி என்று ஒவ்வொன்றும் பெயர் சொல்லி அழைக்கப்பட்டு நடுக்கூடத்துக்கு வரும். மேடையில் பேசுகிறவர்கள் ஆறு பேர். என் பட்டியலில் இருக்கும் உருப்படிகள் 83. இந்த 83-ம் நடிகர்கள்தான் என்று எங்கள் இயக்குநர் ஒத்திகையின் முதல் நாளே சொன்னார். அதை நான் அப்படியே நம்புகிறேன்.

வேனில் சாமான் ஏற்றுவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. இறங்கியதும் முதலில் வேண்டியது கடைசியில் ஏற வேண்டும். மேடைக்குப் போனவுடன் தரைவிரிப்பும் அளவு நாடாவும் டேப்பும் வேண்டும். ஆகவே அவை கதவோரம். கூடத்துத் தூண்களும் நிலைப்படியும் நடுவில். பித்தளைப் பாத்திரங்கள் பழைய போர்வைகளில் சுற்றி உள்ளே. ஒவ்வொரு பெட்டியின் மூடியிலும் உள்ளே இருப்பவற்றின் பட்டியலும் ஒரு புகைப்படமும் ஒட்டியிருக்கிறேன். இருட்டில், களைப்பில், வேறு மொழி பேசும் ஒருவர் உதவிக்கு வந்தாலும், படத்தைப் பார்த்து அடுக்கிவிடலாம்.

மண்பானைகள் மட்டும் என் காலடியில். மூன்றாம் காட்சியின் முடிவில் நடு மகன் ஒரு பானையைத் தரையில் போட்டு உடைக்கிறான். காட்சிக்கு ஒன்று வீதம் உடையும். வைக்கோல் திணித்த கூடைகளில் வைத்து, அசையாமல் கயிறு கட்டியிருக்கிறேன்.

புதன், பெங்களூரு

ஜே.பி. நகரில் இருக்கும் ரங்க சங்கராவில் காட்சி. 2004-இல் திறக்கப்பட்ட அரங்கம். மறைந்த கன்னட நடிகர் சங்கர் நாக் நினைவாக அவர் மனைவி அருந்ததி நாக் முன்னின்று எழுப்பியது. நாடகத்துக்காகவே கட்டிய இடம் என்பது உள்ளே கால் வைத்தவுடன் தெரிந்துவிடுகிறது. சாமான் இறக்கும் வழி நேராக மேடைக்குப் போகிறது. சென்னையில் பல சபாக்களில் அண்டாவைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு பார்வையாளர் நாற்காலிகளுக்கு நடுவே நடந்திருக்கிறோம்.

மாலை 7.30 என்றால் 7.30. பிறகு வருகிறவர் யாராக இருந்தாலும் உள்ளே விடுவதில்லை. இந்த ஒழுங்கை நான் நேசிக்கிறேன். பார்வையாளருக்கு நேரம் கறாராக இருந்தால் எங்களுக்கு அதைவிடக் கறாராக இருக்கும். அதில் ஒரு மரியாதை இருக்கிறது.

காலை ஒன்பது மணிக்கு அண்ணன் தரையில் மேடையின் நடுக்கோட்டைச் சுண்ணக்கட்டியால் போட்டார். அதிலிருந்து அளந்து நான் டேப் ஒட்டினேன். தூணுக்கு வெள்ளை, டிரங்குப் பெட்டிக்கு மஞ்சள், அம்மா உட்காரும் பலகைக்கு நீலம். இருட்டில் நடிகர்கள் நடந்துவரும் பாதையில் ஒளிரும் டேப்பைச் சிறு துண்டுகளாக வெட்டி ஒட்ட வேண்டும். பெரிதாக ஒட்டினால் பார்வையாளர் கண்ணில் மினுக்கும். சிறிதாக ஒட்டினால் நடிகருக்கே தெரியாது. சுண்டுவிரல் நக அளவு சரியாக இருக்கிறது.

இந்த மேடை பார்வையாளர்களை நோக்கி முன்னால் நீண்டு வருகிறது. அதனால் ஓரத்து இருக்கைகளில் இருப்பவர்களுக்குப் பக்கத்திரைக்குப் பின்னால் நாங்கள் வைத்திருப்பது தெரிந்துவிடும். இடது ஓரம், வலது ஓரம், கடைசி வரிசை என்று மாறி மாறி உட்கார்ந்து பார்த்தேன். பிராப்பர்ட்டி மேசையை இரண்டடி உள்ளே தள்ள வேண்டியிருந்தது.

பிராப்பர்ட்டி மேசை என்பது ஒரு சாதாரண மேசை. அதன் மேல் வெள்ளைத்தாள் விரித்து, ஒவ்வொரு பொருளுக்கும் கோடு போட்டுக் கட்டம் பிரித்து, கட்டத்துக்குள் பெயர் எழுதியிருப்போம். வெற்றிலைப் பெட்டி, சாவிக்கொத்து, மூக்குக்கண்ணாடி, பத்திரக் கட்டு. காலியான கட்டம் கண்ணில் பட்டால் அந்தப் பொருள் மேடையில் இருக்க வேண்டும்; அங்கும் இல்லையென்றால் ஆபத்து. கட்டத்திலிருந்து எடுத்த பொருளை அதே கட்டத்தில்தான் திருப்பி வைக்க வேண்டும். நடிகர்களிடம் நான் கண்டிப்பாக இருக்கும் ஒரே விஷயம் இது. பெரியண்ணன் வேடம் போடுகிறவர் நாற்பது ஆண்டு அனுபவம் உள்ளவர். அவர்தான் எல்லோரையும்விட ஒழுங்காக வைக்கிறார்.

என் வேலையை யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒரு வாக்கியம் வைத்திருக்கிறேன்: நடிகரின் கை தேடக் கூடாது. அழுதுகொண்டே மகன் கையை நீட்டுகிறான். சாவிக்கொத்து அங்கே இருக்கிறது. இருந்தால், அந்தக் கை மகனின் கை. இல்லாமல் அரை நொடி துழாவினால், அது சாவியைத் தேடும் ஒரு நடிகரின் கை. அழுகை அந்த இடத்திலேயே பொய்யாகிவிடும்.

தயிர்ச்சோறு விஷயம். இரண்டாம் காட்சியில் அம்மா சாப்பிட்டுக்கொண்டே பேசுகிறாள். கடையில் வாங்கும் தயிர்ச்சோற்றில் கடுகும் மிளகாயும் இருக்கும். வசனத்தின் நடுவில் தொண்டையில் சிக்கும். ஆகவே வெறும் சோறு வாங்கி, சூடு இருக்கும்போதே கையால் குழைய மசித்து, நீர் மோர் விட்டு, நல்ல உப்புப் போட்டு நானே பிசைகிறேன். அந்த வேடம் போடும் அக்காவுக்கு இரண்டு வாய்க்கு மேல் நேரமில்லை. அந்த இரண்டு வாயும் ருசியாக இருக்க வேண்டும் என்பது எனக்கு முக்கியம்.

7.25-க்கு அண்ணன் கையைத் தூக்கினார். 83-ம் இடத்தில் இருந்தன. பானை நன்றாக உடைந்தது.

வியாழன், ஹெக்கோடு போகும் வழி

துமகூரு, திப்டூர், அரசிக்கரே, கடூர், சிவமொக்கா. சாலையோரம் முழுக்கத் தென்னை. பிறகு மெல்ல மெல்லப் பாக்குத் தோப்புகள்.

துமகூருவைத் தாண்டியதும் குப்பி வந்தது. டிரைவர் அண்ணனிடம் சொல்லி வேனை நிறுத்தினேன். சின்ன ஊர். 1884-இல் இங்கே ஒரு நாடகக் கம்பெனி தொடங்கியது. பின்னாளில் குப்பி வீரண்ணா அதைத் தென்னிந்தியாவின் பெரிய கம்பெனிகளில் ஒன்றாக வளர்த்தார். தமிழகத்து ஊர்களிலும் அவர்கள் கொட்டகை போட்டு ஆடியிருக்கிறார்கள். அவர்களுடைய குருக்ஷேத்திர நாடகத்தில் உண்மையான யானைகளும் குதிரைகளும் மேடைக்கு வந்தன என்பது நாடகத்தில் இருப்பவர்கள் எல்லோரும் கேள்விப்பட்ட செய்தி.

எனக்கு அந்த யானையோடு மட்டும் யோசனையை நிறுத்திக்கொள்ள முடிவதில்லை. அதைப் பக்கத்திரைக்குப் பின்னால் அமைதியாக நிறுத்தி வைத்திருந்தவர் யார்? மத்தளச் சத்தத்துக்கு அது மிரளாமல் எப்படிப் பழக்கினார்கள்? மேடைப் பலகை அந்த எடையைத் தாங்குமா என்று ஒவ்வொரு ஊரிலும் யார் முட்டிப் பார்த்தார்? பாடிய நடிகர்களின் பெயர்கள் இருக்கின்றன, அவர்களின் இசைத்தட்டுகள் இருக்கின்றன. யானைக்கு அருகில் நின்றவரின் பெயரை நான் படித்த எதிலும் காணவில்லை. சிறுவர்களே நடித்த நம்முடைய பாய்ஸ் கம்பெனிகளிலும் இதே கதைதான். ராஜபார்ட் என்ற கதாநாயக வேடம், ஸ்திரீபார்ட் என்ற பெண் வேடம், ஆர்மோனியம் வரைக்கும் பெயர் தெரியும். பெட்ரோமாக்ஸுக்குக் காற்றடித்தவர், படுதா இழுத்தவர், கிரீடத்துக்கு ஜிகினா ஒட்டியவர் பெயரெல்லாம் போய்விட்டன. நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

பத்ராவதிக்கு அருகே மழை பிடித்தது. செப்டம்பர் மழை, ஜூலை மழை போல் இல்லை என்றார்கள். ஆனால் எங்கள் தார்ப்பாய்க்கு அதுவே போதுமாக இருந்தது. வேனின் பின்மூலையில் நீர் இறங்கி வேட்டிகள் இருந்த மூட்டை நனைந்துவிட்டது. குலுங்கலில் ஒரு பானையும் விரிசல் விட்டிருக்கிறது.

வெள்ளி, ஹெக்கோடு

சாகராவிலிருந்து சில கிலோமீட்டரில், பாக்குத் தோப்புகளுக்கு நடுவே இருக்கிற கிராமம். 1949-இல் கே.வி. சுப்பண்ணா தம் ஊர்க்காரர்களுடன் சேர்ந்து தொடங்கிய நீனாசம் என்ற நாடக அமைப்பு இங்கே இருக்கிறது. 1991-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. ஒரு கிராமத்தில் நாடக அரங்கம், நாடகப் பள்ளி, நூலகம், ஊர் ஊராகப் போகும் ஒரு நாடகக் குழு. எல்லாம் ஒரே வளாகத்தில். எங்களுக்குக் கன்னட எழுத்தாளர் சிவராம காரந்தர் பெயரில் உள்ள ரங்கமந்திரத்தில் காட்சி.

காலையில் முதல் வேலை பானை. சாகரா சந்தையில் ஒரு பாட்டி வைத்திருந்தார். எனக்குக் கன்னடம் கொஞ்சம்தான் வரும். பானைக்கு மொழி தேவைப்படவில்லை. விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். மழைக்காலப் பானை ஈரம் உறிஞ்சியிருக்கும்; தட்டினால் மொத்தென்று கேட்கும், விழுந்தாலும் மொத்தென்றுதான் விழும். எனக்குக் கணீரென்று உடைய வேண்டும், ஏனென்றால் அந்தச் சத்தத்துக்குப் பிறகு நாடகத்தில் யாரும் இருபது நொடி பேசுவதில்லை. நான் ஒவ்வொன்றாகத் தட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்த பாட்டி, உள்ளே போய் அடுப்படிப் பரணில் காய்ந்துகொண்டிருந்த இரண்டைக் கொண்டுவந்து வைத்தார். கோயில் மணி போல ஒலித்தன. இரண்டையும் வாங்கிக்கொண்டேன்.

உடைப்பதற்கு முன் பானைக்கு ஒரு சிகிச்சை உண்டு. உள்பக்கம் பழைய பருத்தித் துணியை மைதாப் பசையால் ஒட்டி உலர விடுவோம். அப்போது ஓடுகள் பறக்காமல் துணியோடு சேர்ந்து விழும். அதற்கடுத்த காட்சியில் அக்கா வெறுங்காலோடு அதே இடத்தில் நடந்துவர வேண்டும். இருட்டு இருக்கும் பதினைந்து நொடியில் நான் குனிந்து போய் முறத்தில் வாரிக்கொண்டு வருவேன். பிறகு ஈரத்துணியால் ஒரு வீச்சு. சில்லு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று என் உள்ளங்கையால்தான் தடவிப் பார்ப்பேன். இந்த மழையில் பசை உலரவில்லை. இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கிப் பானைக்குள் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதே பெட்டியால் நனைந்த வேட்டிகளையும் ஒவ்வொன்றாகத் தேய்த்து உலர்த்தினேன். மத்தியானம் முழுவதும் அதிலேயே போனது.

நீனாசத்தின் ஊர் சுற்றும் குழுவான திருகாட்டக் குழு 1985 முதல் ஆண்டுதோறும் கர்நாடகம் முழுக்கச் சுற்றி வருகிறது. அதில் சாமான் கட்டும் ஒருவருடன் தேநீர் குடித்தேன். எங்கள் பெட்டிகளைத் திறந்து பார்த்தார். போர்வைக்குப் பதிலாக நாடகத்தின் உடைகளையே பாத்திரங்களுக்கு இடையே திணிக்கலாமே, இடம் மிச்சம் என்றார். பித்தளையின் பச்சைக் களிம்பு வெள்ளை வேட்டியில் ஏறிவிடும் என்றேன். யோசித்து, ஆமாம் என்றார். பிறகு கயிற்றில் ஒரு முடிச்சுக் காட்டிக்கொடுத்தார். ஒரே இழுப்பில் அவிழும். ஆனால் வண்டிக் குலுங்கலுக்கு அசையாது. நான் அதை மூன்று முறை போட்டுக் காட்டும் வரை விடவில்லை.

மாலையில் அரங்கம் நிறைந்தது. தோப்பில் வேலை முடித்து வந்தவர்கள், பள்ளிப் பிள்ளைகள், வீட்டுப் பெரியவர்கள். தமிழ் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. கூரையில் மழைச் சத்தம். அண்டா மேடைக்கு வந்தபோது முன்வரிசையில் இருந்த ஒரு பெண் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். அது எந்தப் பிள்ளைக்குப் போகும் என்றுதான் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். வசனம் புரியாத இடத்தில் பாத்திரங்கள் பேசின.

சனி

பயணம் மட்டும். அரசிக்கரேயில் மசால் தோசை. மைசூருவில் இறங்கியதும் துவைப்பு.

ஞாயிறு, மைசூரு

ரங்காயணம் என்ற நாடக நிறுவனத்தின் பூமிகீதா அரங்கத்தில் காட்சி. ரங்காயணத்தை 1989-இல் தொடங்கி வளர்த்தவர் நாடக இயக்குநர் பி.வி. காரந்த். அவர் சிறுவயதில் வீட்டை விட்டு ஓடிப்போய்ச் சேர்ந்தது அதே குப்பி கம்பெனியில்தான். வியாழக்கிழமை பார்த்த ஊர் மறுபடியும் எதிரே வந்து நின்றது போல் இருந்தது.

காலையில் தேவராஜா மார்க்கெட். மைசூரு வெற்றிலை வாங்கினேன், இளசாகப் பார்த்து. பெரியண்ணன் மேடையில் வெற்றிலை போட்டுக்கொண்டே பங்குப் பத்திரம் படிக்கிறார். அவருடைய பெட்டியில் நான் சுண்ணாம்பு வைப்பதில்லை. பாக்கோடு சுண்ணாம்பு சேர்ந்தால் வாய் சிவக்கும், ஒரு சொட்டு வேட்டியில் விழுந்தால் அடுத்த ஊருக்குள் கறை போகாது. சுண்ணாம்புக் கரண்டகத்தில் கெட்டித் தயிர். அவர் அதை விரலில் எடுத்து இலையில் தடவும் அழகில் எவருக்கும் சந்தேகம் வராது. இன்று இலையை மென்றுவிட்டு, பக்கத்திரைக்கு வந்ததும், "இது இலை!" என்றார். அவ்வளவுதான். எனக்கு நாள் முழுக்க மகிழ்ச்சியாக இருந்தது.

குத்துவிளக்கு உண்மையான தீயில் எரிகிறது. அதற்கு எல்லா அரங்கங்களுக்கும் முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி வாங்குவோம். விளக்கு மேடையில் இருக்கும் நேரம் முழுக்க மணல் வாளியும் ஈரச் சாக்கும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் நிற்பேன். அந்தப் பதினொரு நிமிடம் நான் நாடகம் பார்ப்பதில்லை. திரியை மட்டும் பார்க்கிறேன்.

காட்சி முடிந்து செட்டைப் பிரித்து ஏற்றும்போது இரவு பதினொன்றரை. நேராகக் கிளம்ப முடியாது. பந்திப்பூர் காட்டுச் சாலையில் 2009 முதல் இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை வண்டிகளுக்குத் தடை. விலங்குகள் அடிபட்டுச் சாவதைத் தடுக்கக் கொண்டுவந்தது. நியாயமான தடை. எங்களுக்கும் ஐந்து மணி நேரத் தூக்கம் கிடைத்தது.

திங்கள், கூடலூர் வழியாக

ஆறு மணிக்குச் சோதனைச் சாவடி திறந்தபோது வரிசையில் நின்றிருந்தோம். காட்டுக்குள் வண்டியை நிறுத்தக் கூடாது. நீலகிரி மாவட்டத்துக்குள் நுழைய இ-பாஸ் முன்னமே எடுத்திருந்தேன். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களை மைசூருவிலேயே ஒழித்துவிட்டு நாடகக் கூஜாவில் தண்ணீர் நிரப்பிக்கொண்டோம். சாவடியில் ஒரு காவலர் பெட்டிகளைத் திறக்கச் சொன்னார். மேலே இருந்தது அரிவாள். மரத்தில் செய்து வெள்ளிப்பூச்சுப் பூசியது. கையில் எடுத்துப் பார்த்து, எடை இல்லாததைக் கண்டு வியந்தார். மூடியில் ஒட்டிய பட்டியலைக் காட்டினேன். 41: அரிவாள், மரம். இரண்டே நிமிடத்தில் விட்டுவிட்டார்.

கூடலூரில் இட்லி. நாடுகாணிச் சுரம் இறங்கி, நிலம்பூர், பெரிந்தல்மண்ணா, பட்டாம்பி வழியாகத் திருச்சூர். வளைவுகளில் பானைக் கூடையை இரண்டு காலாலும் அணைத்துக்கொண்டு வந்தேன். சாகரா பாட்டியின் பானை அசையவே இல்லை. அந்த முடிச்சுக்கு நன்றி.

செவ்வாய், திருச்சூர்

கேரள சங்கீத நாடக அகாதமியின் வளாகத்தில், மலையாள நாடகாசிரியர் கே.டி. முகமது பெயரில் உள்ள மண்டல அரங்கம். இதே வளாகத்தில்தான் 2008 முதல் சர்வதேச நாடக விழா நடக்கிறது. மேடை பெரிது. ரங்க சங்கராவில் நான்கு எட்டில் கடந்த கூடத்துக்கு இங்கே ஏழு எட்டுகள் வைக்கும் அளவுக்கு இடம். தூண்களை அகலமாக வைக்கலாமா என்று ஒளியமைப்பாளர் கேட்டார். அண்ணன் மறுத்துவிட்டார். நடிகர்களின் கால் பழகிய தூரம் அது. மேடை பெரிதாக இருந்தாலும் வீடு அதே வீடுதான். கறுப்புப் படுதாக்களை உள்ளே இழுத்து மேடையைச் சுருக்கினோம்.

மத்தியானச் சாப்பாட்டின்போது இயக்குநரிடம் ஒன்று கேட்டேன். அடுத்த மாதம் மதுரைக் காட்சிக்கு விளம்பரத்தாள் புதிதாக அச்சாகிறது. அதில் டிரைவர் அண்ணன், செட் தச்சர், உடை துவைத்துத் தரும் அக்கா, ஒவ்வொரு ஊரிலும் ஏற்றி இறக்க வருகிறவர்கள் பெயர்களைப் போட முடியுமா என்று. குப்பி யானையைப் பற்றியும் சொன்னேன். ஒரே பக்கத் தாள், இடம் இல்லையே என்றார். நாடகத்தைப் பற்றிய பாராட்டுரை ஒன்று அதில் எட்டு வரி இருக்கிறது. அதை எடுத்துவிடலாம் என்றேன். சாப்பிட்டு முடிக்கும் வரை பேசவில்லை. கை கழுவி வந்து, "பட்டியலைக் கொடு, எழுத்துப்பிழை இருக்கக் கூடாது" என்றார்.

இரவு காட்சி முடிந்து சாமான்களைக் கட்டும் நேரத்தில், ஏற்றி இறக்க வந்த நான்கு உள்ளூர்க்காரர்களிடமும் நோட்டை நீட்டினேன். மலையாளத்தில் எழுதினார்கள். தமிழில் எப்படி வரும் என்று ஒவ்வொருவரிடமும் வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். ஒருவர் பெயரில் இரண்டு முறை திருத்தினார். மூன்றாம் முறை தலையாட்டினார். பெங்களூரு, ஹெக்கோடு, மைசூரு நண்பர்களுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறேன். மைசூருவிலிருந்து பதில் வந்துவிட்டது. வேன் விடியற்காலை நான்கு மணிக்குப் பாலக்காடு வழியாகக் கிளம்புகிறது. பித்தளைக்குப் புளி போட்டுத் தேய்க்க வேண்டும். நிலைப்படியின் கீழ்க்கட்டை தளர்ந்திருக்கிறது, தச்சரிடம் சொல்ல வேண்டும். மதுரைக்குப் பானைகள் மானாமதுரையிலிருந்தே வாங்கிக்கொள்ளலாம் என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன்.